அறுபதாவது எட்டு

இல்ல மாமா, நான் உக்கார மாட்டேன். உக்காந்தா அடங்கிட்டேன்னு நெனைச்சுக்குவீங்க.

ஒரு முழ மண்ணுக்காகத் தெருவையே கூட்டிட்டாளேன்னு சொன்னீங்க. சரி, கூட்டிட்டேன். காலேஜுக்குப் போன திமிருன்னு சொன்னீங்க. அதையும் வச்சுக்கறேன். பக்கத்து வீட்டுப் படிக்கட்டு எங்க வாசலுக்குள்ள இறங்கி நிக்குது, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. என் வாய் நீளம்னு மட்டும் அளந்து சொன்னீங்க. அம்மாவே சும்மா இருக்கு, மகளுக்கு எதுக்கு இந்த ரோசம்னு கடைசியா ஒண்ணு கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன்.

நேராச் சொன்னா குறுக்க குறுக்கப் பேசுவீங்க. அதனால கதையாச் சொல்றேன். சின்னப் பசங்களும் உக்காந்திருக்காங்க. கேக்கட்டும்.

ராஜாவுக்கும் சனங்களுக்கும் நடுவுல ஒரு ஆபீசும் இல்லாத காலம் அது. ராஜா எங்கயோ தூரத்துல இருந்தாரு. அவரு இந்தக் கதைக்குள்ள வரமாட்டாரு, யாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

ஆழக்கிணத்தூருன்னு ஒரு ஊர். ஆறு கிடையாது. ஏரி கிடையாது. ஓடை கிடையாது. ஒரே ஒரு கிணறு. நல்ல ஆழக் கிணறு.

அந்தக் கிணத்தைத் தோண்டி முடிச்ச அன்னிக்கே ஊர்க்காரங்க ஒரு காரியம் பண்ணாங்க. கயித்தை அடிமட்டம் வரைக்கும் விட்டு அளந்தாங்க. காலால எட்டு வைக்கிற கணக்குல நாப்பது எட்டு வந்துச்சு. அந்தக் கயித்தை மேல எடுத்துத் தரையில நீட்டினாங்க. அதோட இன்னும் பாதி சேத்தாங்க. அறுபது எட்டு. அந்த நீளத்துக்கு ஒரு துண்டு நிலத்தைக் கயிறு திரிக்கிற குடும்பத்துக்கு விட்டுக் குடுத்தாங்க. கடைசியில ஒரு கல்லை நட்டாங்க. அதுதான் எல்லை.

எதுக்கு அந்தப் பாதின்னு கேக்கறீங்களா? நாரை முறுக்க முறுக்கக் கயிறு சுருங்கும். அறுபது எட்டுக்கு நீட்டினாத்தான் நாப்பது எட்டுக் கயிறு கிடைக்கும். ஆக, அந்த நிலத்தோட நீளமும் அந்தக் கிணத்தோட ஆழமும் ஒரே கணக்கு. ஒண்ணுல கை வச்சா இன்னொண்ணுலயும் கை வச்ச மாதிரி.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்துச்சு. அந்தக் கிணத்துல ஒட்டுப் போட்ட கயிறு இறங்கக் கூடாது. என்னிக்கோ தூர் வார இறங்குன ஒரு ஆளு, முடிச்சு நழுவி உள்ள விழுந்து செத்துட்டான். அன்னிக்கு இருந்து ஒரே நீளமாத் திரிச்ச கயிறுதான். பழசு நைஞ்சு போயிரும், அதனால வருஷத்துக்கு ஒரு புதுக் கயிறு.

நம்ம கதை நடக்கறப்போ அந்த வேலையைப் பாத்தது சிலம்பாயின்னு ஒரு பொம்பளை. தனி ஆள். புள்ளைகுட்டி இல்ல. புருசன் மருதன் காய்ச்சல்ல போயிட்டான். அவன் இருந்த வரைக்கும் ஒரு முனையில அவன் சக்கரத்தைச் சுத்துவான், இன்னொரு முனையில இவ கயித்தைப் பிடிப்பா. அறுபது எட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு கத்திக் கத்தியே பேசுவாங்க. என்ன குழம்புங்கறதுகூட ஊருக்கே தெரியும். சிலம்பாயிக்குச் சத்தமாப் பேசற பழக்கம் வந்தது அப்படித்தான். அவன் போனப்புறமும் அந்தச் சத்தம் போகல. கேக்கத்தான் ஆள் இல்ல.

அவன் நின்ன இடத்துல அவ நின்னா. அவ நின்ன இடத்துக்கு ஒரு பாறாங்கல்லை மரப்பலகையில ஏத்திக் கயிறு கட்டி வச்சா. கயிறு சுருங்கச் சுருங்கக் கல்லு தானா இழுபட்டு நகரும். "யோவ், தூங்காத, இழுத்துப் பிடி"ன்னு கல்லோட பேசிக்கிட்டே சக்கரத்தைச் சுத்துவா. போறவங்க வர்றவங்க சிரிப்பாங்க. சிரிச்சாங்களே ஒழிய, ஒருத்தரும் உள்ள வந்து இன்னொரு முனையைப் பிடிச்சதில்ல.

இப்ப ஒரு விஷயம், நல்லாக் கேட்டுக்கோங்க. மூணு புரியைச் சேத்து முறுக்கினாத்தான் ஒரு கயிறு. ஒவ்வொரு புரியையும் இடுப்புல சுத்திக்கிட்டு, சக்கரத்துல இருந்து விட்டுக்கிட்டே பின்னால நடக்கணும். கண்ணு புரி மேலயே இருக்கணும். திரும்பிப் பாத்தா புரி தொய்ஞ்சு சிக்கலாயிரும். அதனால ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணிக்கிட்டே போவா. அறுபதுன்னு வாய் சொல்றப்போ குதிகால் எல்லைக் கல்லுல போய் முட்டும். முப்பது வருஷமா அவளுக்கு அந்தக் கல்லைக் கண்ணாலவிடக் குதிகாலாலதான் நல்லாத் தெரியும்.

கல்லுக்கு அந்தப் பக்கம் உடையணன் வீடு. எட்டு ஜோடி மாடு வச்சிருந்தான். மோசமானவன்னு ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. உழவுக்கு மாடு குடுப்பான். விசேஷத்துக்கு மோர் குடுப்பான். யாரைப் பாத்தாலும் சிரிப்பான். ஆமா மாமா, சிரிச்ச முகம்தான். படிக்கட்டு கட்டுறவங்களும் அப்படித்தான் இருக்காங்க.

முதல் வருஷம். சிலம்பாயி புரியை விட்டுக்கிட்டுப் பின்னால நடந்தா. அம்பத்தாறு. அம்பத்தேழு. முதுகுல மெத்துன்னு ஏதோ இடிச்சுச்சு. திரும்பிப் பாத்தா வைக்கப்போர்.

"என்ன உடையணா, உன் வைக்கோலு என் கல்லு மேல ஏறி உக்காந்திருக்கு?"

"அட அக்கா, வைக்கோலுக்குக் கண்ணா இருக்கு? சரிஞ்சு வந்திருக்கும். மாடு தின்னுட்டா தானாக் காலியாயிரும்."

அவ ஊருக்குப் பெரியவரா இருந்த மணியக்காரர்கிட்டப் போனா. மணியக்காரர் வயல்ல அன்னிக்கு உழுதுக்கிட்டு இருந்தது உடையணன் மாடு. "வைக்கோல்தானே ஆத்தா. இதுக்குப் போய் ஒரு பிராதா?"ன்னு கேட்டாரு. அவ திரும்பி வந்துட்டா. அந்த வருஷம் கயிறு முப்பத்தெட்டு எட்டுதான் வந்துச்சு. கிணத்துல தண்ணி மேலயே நின்னுச்சு. கயிறு குறைஞ்சது யாருக்கும் தெரியல.

ரெண்டாம் வருஷம். அம்பத்துமூணு. அம்பத்துநாலு. முதுகுல டொக்குன்னு ஒரு மூங்கில் கால் இடிச்சுச்சு. வைக்கப்போரை மாடு தின்னு முடிச்சுருச்சு. அந்த இடத்துல இப்ப மாட்டுக் கொட்டகை.

"ஏன்டா, சரிஞ்சு வர்றதுக்குக் கொட்டகைக்குக் கால் முளைச்சிருக்கா?"

"மழையில மாடு நனையுதுக்கா. வாயில்லாத ஜீவன். உனக்கு மனசே இல்லையா?"

பாத்தீங்களா? இடத்தை எடுத்தது அவன். மனசு இல்லாதவ இவ.

அவ கிணத்தடிக்குப் போனா. குடத்தோட நின்ன பொம்பளைங்ககிட்டச் சொன்னா. "என் நிலம் குறைஞ்சா உங்க கயிறு குறையும்டி"ன்னு சொன்னா. அவளுங்க முகத்தை முகத்தைப் பாத்துக்கிட்டாளுங்க. ஒருத்தி சொன்னா, "நீ ஒத்தை ஆளு. ஒத்தை ஆளுக்கு எவ்வளவு இடம்தான் வேணும்?"

சிலம்பாயிக்குப் பேசத் தெரியாம இல்ல. நெருப்பு மாதிரி பேசுவா. ஆனா தண்ணிகூட எடுக்காமத் திரும்பிட்டா. வெறும் குடத்தோட வந்து சக்கரத்துக்குப் பக்கத்துல உக்காந்தா. அன்னிக்குக் கல்லோடகூடப் பேசல.

இந்தக் கேள்வியை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா மாமா? போன வாரம், பால் வாங்குற இடத்துல, எங்கம்மாகிட்ட? சரி, சரி. கதைக்கு வர்றேன்.

மூணாம் வருஷம். நாப்பத்தொம்பது. அம்பது. முதுகோட சேந்து பின்மண்டையும் இடிச்சுச்சு. கொட்டகைக்கு மண்சுவர் எழும்பியிருந்துச்சு. சுண்ணாம்பு பூசி இன்னும் ஈரம்கூடக் காயல. அவ முதுகு பூரா வெள்ளை ஒட்டிக்கிச்சு.

இந்தத் தடவை அவ உடையணன்கிட்டப் பேசவே இல்ல. நேரா சாத்தன் வீட்டுக்குப் போனா. சாத்தன் சுண்ணாம்பு சுடுறவன். வருஷா வருஷம் தை பொறக்கறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கற எல்லைக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறது அவன் வேலை. எந்தக் கல்லு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

அவ திரும்பி நின்னு முதுகைக் காட்டினா.

"இது யாரு சுண்ணாம்பு, சாத்தா?"

அவன் பாத்தான். அவனோட சுண்ணாம்புதான்.

"என் கல்லு எங்க இருந்துச்சு? நீ சொல்லு. ஊர் முன்னாடி வந்து ஒரு தடவை சொல்லு, போதும்."

சாத்தன் சூளையைப் பாத்தான். வானத்தைப் பாத்தான். தன் காலைப் பாத்தான். "சுவரே எழும்பிருச்சேக்கா. இனிமே என்ன பண்ண முடியும்? எனக்கு... சரியா ஞாபகமும் இல்ல"ன்னான்.

அழகு பாருங்க. வைக்கோலா இருந்தப்போ, வைக்கோல்தானேன்னாங்க. சுவரானப்புறம், சுவராயிருச்சேன்னாங்க. நடுவுல எந்த நாள்ல சொல்லியிருக்கணும்? அந்த நாள் மட்டும் யார் பஞ்சாங்கத்துலயும் இல்ல.

சிலம்பாயி அந்த வெள்ளை முதுகோடயே ஊர் நடுவுல நடந்து வீட்டுக்குப் போனா. மணியக்காரர் பாத்தாரு. கிணத்தடிப் பொம்பளைங்க பாத்தாங்க. முதுகுல சுண்ணாம்புன்னு சொல்றதுக்குக்கூட ஒரு வாய் திறக்கல. வீட்டுல அதைத் தொடைச்சு விடறதுக்கும் கை இல்ல. அவ கை அவ முதுகுக்கு எட்டல.

தெருவுல வச்சுத் திரிக்கலாமேன்னு சொல்லுவீங்க. அவளும் போனா. ரெண்டாவது புரி போடறதுக்குள்ள வண்டி ஏறி நார் நாராப் போச்சு. பொட்டல்ல திரிக்கலாமேம்பீங்க. அங்கயும் போனா. வெயில்ல கத்தாழை நார் காஞ்சு மொறுமொறுன்னு ஒடிஞ்சுச்சு. நிழலும் நீளமும் சேந்து இருந்த இடம் ஊர்ல அது ஒண்ணுதான். அதனாலதான் அதைக் குடுத்தாங்க.

அந்த வருஷக் கயித்தை மணியக்காரர் வீட்டுல கொண்டுபோய்ப் போட்டா. "முப்பத்துமூணு எட்டுதான் இருக்கு. சொல்லிட்டேன்."

"தண்ணி இருபதுலயே கிடக்கு ஆத்தா. நீ சண்டைக்கு ஒரு காரணம் தேடற."

அதுக்கப்புறம் சிலம்பாயி சண்டை போடல. ஊரும் அவளை மறந்துருச்சு. மூணு வருஷம் கத்தினவ நாலாவது வருஷம் வாயை மூடிட்டா, புத்தி வந்துருச்சுன்னு பேசிக்கிட்டாங்க.

நாலாவது வருஷம் மழை வரல.

தண்ணி இருபத்தஞ்சுக்கு இறங்குச்சு. முப்பதுக்கு இறங்குச்சு. ஒரு நாள் காலையில முதல் குடத்தை விட்டவ, "ஐயோ, எட்டலையே"ன்னு கத்தினா. எல்லாரும் ஓடி வந்து எட்டிப் பாத்தாங்க. கீழ தண்ணி பளபளன்னு தெரியுது. குடம் அதுக்கு மேல ரெண்டாள் உயரத்துல தொங்கிக்கிட்டு ஆடுது.

மூணு வழி பண்ணிப் பாத்தாங்க.

முதல் நாள், வேட்டியையும் தலைத்துணியையும் முறுக்கிக் கயித்து முனையில கட்டி விட்டாங்க. குடம் ரொம்பினதும் துணி கிழிஞ்சு குடம் போச்சு.

ரெண்டாம் நாள், கட்டுப்பாட்டை மீறி ரெண்டு கயித்தை முடிச்சுப் போட்டு விட்டாங்க. முடிச்சு கப்பிக்குள்ள போய் இறுகி நின்னுச்சு. இழுத்த இழுப்புல கப்பி ஒடிஞ்சு இன்னொரு குடமும் போச்சு.

மூணாம் நாள், உடையணன் வண்டி பூட்டிக்கிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்க் கயிறு வாங்கிட்டு வந்தான். அந்த ஊர்க் கிணறு ஆழம் கம்மி. அவங்க கயிறு இதைவிடக் கட்டை. பாவம், அளந்து பாக்கணும்னு தோணல. அளக்கறதுதான் அவனுக்குப் பழக்கமே இல்லையே.

அன்னிக்குச் சாயங்காலம் எட்டு ஜோடி மாடும் காலித் தொட்டியை நக்கிக்கிட்டுக் கத்துச்சு. கைக்குழந்தைங்க தொண்டை வறண்டு அழுதுச்சு. ஊரே கிளம்பிச் சிலம்பாயி வாசலுக்கு வந்துச்சு. மூணு வருஷமா அந்த வாசலை மிதிக்காத காலுங்க.

"அக்கா"ன்னான் உடையணன். "ஒரே ஒரு நீளக் கயிறு."

சிலம்பாயி எந்திரிச்சா. புரியை இடுப்புல சுத்தினா. ஒரு முனையைச் சக்கரத்துல மாட்டினா. அத்தனை பேரும் பாக்கப் பின்னால நடக்க ஆரம்பிச்சா. ஒண்ணு. ரெண்டு. மூணு. வேற சத்தமே இல்ல. அவ எண்ணுறது மட்டும்தான் கேட்டுச்சு. நாப்பத்தெட்டு. நாப்பத்தொம்பது. அம்பது. முதுகு சுவத்துல போய் முட்டுச்சு.

அவ அங்கயே நின்னா.

"இன்னும் பத்து எட்டு இருக்கு"ன்னா. "யாராவது வந்து நடந்து காட்டுங்க."

உடையணனுக்குப் புரிஞ்சுச்சு. "இடிச்சுக்கோக்கா. நானே சொல்றேன். அந்த இடத்தை உனக்கே தர்றேன்."

"தர்றியா? யாரோடதை?"

அவன் கூட்டத்தைத் திரும்பிப் பாத்தான்.

"நீ தந்தா நான் வாங்க மாட்டேன். இன்னிக்குத் தாகத்துக்குத் தருவ, நாளைக்கு மழை வந்தா திரும்பக் கேப்ப. அது என்னுது. என்னுதுன்னு தெரிஞ்ச ஆளு இந்தக் கூட்டத்துல இருக்கு. அந்த ஆளு வாயால சொல்லணும். எல்லாரும் இருக்கறப்போ சொல்லணும். சொன்ன அடுத்த நிமிஷம் சக்கரம் சுத்தும்."

மணியக்காரர் துண்டை உதறித் தோள்ல போட்டாரு. பொம்பளைங்க குழந்தைங்களைத் தட்டிக் குடுத்தாங்க. எவ்வளவு நேரம்? அந்தச் சுவத்தோட நிழல் அவ காலடியில இருந்து அஞ்சாறு எட்டு நீளுற நேரம். அத்தனை பேர் முன்னாடியும் அவ மட்டும் முதுகைச் சுவத்துல சாய்ச்சுக்கிட்டு நின்னா. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தி அவ்வளவு தனியா நிக்க முடியுமான்னு கேட்டா, முடியும். நின்னவங்களைக் கேட்டுப் பாருங்க.

கடைசியில கூட்டத்துல இருந்து சாத்தன் வந்தான். யாரையும் பாக்கல. கொட்டகைக்குள்ள போனான். மாட்டுத் தொட்டியை நகத்தினான். வெறும் கையால மண்ணைப் பறிச்சான். ஒரு முழ ஆழத்துல வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. அவன் அடிச்ச வெள்ளைதான். மண்ணுக்குள்ள கிடந்தும் போகல.

"காட்டினாப் பத்தாது"ன்னா சிலம்பாயி. "சொல்லு."

"இதுதான் கல்லு." கையில ஒட்டின மண்ணோட எந்திரிச்சு நின்னான். "வைக்கோல் விழுந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். மூணு வருஷமாத் தெரியும். நான்தான் சொல்லல."

அவ்வளவுதான். அவன் சொன்னதும் மணியக்காரரும் வாயைத் திறந்தாரு, "ஆமா, எனக்கும் தெரியும்." கிணத்தடிப் பொம்பளைங்களும் சொன்னாங்க, "எங்களுக்கும்தான்." ஒருத்தர் சொன்னதுக்கப்புறம் எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு பாருங்க! உடையணனே முதல் கடப்பாரையைப் போட்டான். இருட்டுறதுக்குள்ள சுவரும் கொட்டகையும் போச்சு, கல்லைத் தரைக்கு மேல தெரியற மாதிரி அதே இடத்துல தூக்கி நட்டாங்க.

சிலம்பாயி மூணு தடவை பின்னால நடந்தா. மூணு தடவையும் அறுபதாவது எட்டுல அவ குதிகால் கல்லுல முட்டுச்சு. மூணாவது தடவை அவ கொஞ்ச நேரம் குதிகாலை எடுக்காம நின்னா. அழுதாளான்னு தெரியல. முகம் சக்கரத்தைப் பாத்து இருந்துச்சு, ஊரு அவளுக்குப் பின்னால இருந்துச்சு. ஒடிஞ்ச கப்பியைத் தச்சன் மாத்தினான். விடிஞ்சதும் நாப்பது எட்டுக் கயிறு கிணத்துல இறங்குச்சு. தண்ணி வந்துச்சு.

எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காதீங்க.

அன்னிக்கு இருந்து ஊர்க்காரங்க அவளைப் பாத்தா நின்னு பேசினாங்க. உடையணன் மோர் குடுத்து விட்டான். ஒரு நாள் சாத்தன் வந்து, "நான் ஒரு முனையைப் பிடிக்கட்டுமாக்கா?"ன்னு கேட்டான். அவ தலையை மட்டும் ஆட்டினா, வேண்டாம்னு. பாறாங்கல்லைக் காட்டினா, அது இருக்குன்னு. பகை இல்ல. கோவம்கூட இல்ல. பேச்சுதான் போயிருச்சு. வாய் நீளம்னு சொன்ன ஊருக்கு, சாகற வரைக்கும் அவகிட்ட இருந்து வருஷத்துக்கு ஒரு கயிறு வந்துச்சு. ஒரு வார்த்தை வரல. கயிறு திரிக்கிற நாள்ல மட்டும் வேலிக்கு வெளிய நின்னு கேப்பாங்களாம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அவ எண்ணுறதை.

கதை முடிஞ்சுச்சு. பசங்களா, இதோட நீதி என்னன்னா, எல்லையைத் தாண்டிச் சுவர் கட்டுறவன் ஒருத்தன்தான், ஆனா தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நிக்கறவங்க எல்லாருமாச் சேந்துதான் அந்தச் சுவர் விழாமத் தாங்கிப் பிடிக்கிறாங்க.

அம்மாவே சும்மா இருக்குன்னு சொன்னீங்களே மாமா. சும்மா இல்ல. ரெண்டு வருஷம் உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்து கேட்டுச்சு. இப்பத்தான் பேசறதை நிறுத்தியிருக்கு. எங்கிட்டகூட. அதான் எனக்கு ரோசம்.

இப்ப நீங்க எந்திரிங்க, அங்கமுத்து மாமா. எங்கப்பா இருந்தப்போ எங்க வாசல் எல்லைக் கல்லை நட்ட அன்னிக்கு ஒரு பக்கம் அவரு தூக்கினாரு, இன்னொரு பக்கம் நீங்க தூக்கினீங்க. கை நழுவிக் கல்லு உங்க கால் கட்டைவிரல் மேல விழுந்து நகம் போச்சு. அந்த நகம் இன்னிக்கும் கோணலாத்தான் வளருது. செருப்பைக் கழட்டிக் காட்டுங்கன்னு நான் கேக்கல. காட்டினாப் பத்தாது.

பக்கத்து வீட்டுக்காரரும் இங்கதான் உக்காந்திருக்காரு. தெரு மொத்தமும் இருக்கு. எங்கம்மா உள்ள கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு.

கல்லு எங்க இருந்துச்சு? சத்தமாச் சொல்லுங்க.